மசக்கை முடிந்தது... மெரினா போகலாமா?

தாய்மை: வாசகர் கேள்வி-பதில்

கர்ப்பகாலப் பயணம் பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தோம். பல கடிதங்கள் சொல்லிவைத்தாற்போல் கடற்கரையில் வந்து நின்றன. அவற்றில் சிலவற்றுக்கு மகப்பேறு மருத்துவர், செவிலியர் குழுவின் பதில்கள் இங்கே.

எனக்கு இது ஐந்தாம் மாதம். வாந்தியெல்லாம் நின்று இப்போதுதான் மனுஷியாக நடமாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பைக்கில் மெரினா போய்வரலாம் என்கிறார் கணவர். 'வயித்துப் புள்ளையோட அவ்வளவு தூரம் எதுக்கு?' என்கிறார் அத்தை. யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, ஆவடி

தாராளமாகப் போய்வாருங்கள். பைக் வேண்டாம், ஞாயிறும் வேண்டாம்.

பதினான்காம் வாரத்திலிருந்து இருபத்தெட்டாம் வாரம் வரை வெளியே போய்வர நல்ல காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறும் இன்னும் கனத்திருக்காது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கர்ப்பவாயில் தையல் போட்டவர்கள், இடையில் உதிரம் பட்டவர்கள், பி.பி. ஏறியிருப்பவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் மட்டும் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

பைக்கில் என்ன சிக்கல் என்று உங்கள் கணவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். குலுங்கினால் கரு கலைந்துவிடும் என்பதல்ல. குழந்தை பனிக்குட நீரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. பயமெல்லாம் விழுந்துவிடுவது பற்றித்தான். வயிறு முன்னால் வர வர உடம்பின் பாரம் விழும் இடம் மாறுகிறது. ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும்போது திடீர் பிரேக் போட்டால் பழைய பழக்கத்தில் சமாளிக்க முடியாது. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பக்கத்திலேயே இருக்கும் பார்க் டவுன் நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறி, திருவல்லிக்கேணியில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பறக்கும் ரயில் நிலையங்கள் உயரத்தில் இருப்பவை. லிஃப்ட் ஓடவில்லையென்றால் கைப்பிடியைப் பிடித்து நிதானமாக ஏறி இறங்குங்கள். காரில் போனால் சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையும் இடுப்பும் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் குறுக்கே ஒருபோதும் போடக் கூடாது.

இனி மணல். மெரினாவில் கர்ப்பிணிகளை அதிகம் களைக்க வைப்பது அதுதான். அந்த மணல்வெளி எப்போதும் இவ்வளவு அகலமாக இருந்ததில்லை. 1881-இல் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு, தெற்கிலிருந்து வடக்கே போகும் மணலை அது தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரித்துப்போனது. அதனால் இன்று சாலையிலிருந்து அலைவரை ஏறத்தாழ 300 மீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. கால் புதையும் மணலில் நடக்க, கட்டாந்தரையில் நடப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். போக 300, வர 300 என்றால் உங்கள் உடம்புக்கு அது ஒன்றேகால் கிலோமீட்டர். கர்ப்பத்தில் மூட்டுகளின் தசைநார்கள் தளர்ந்திருப்பதால் கணுக்காலும் எளிதில் மடங்கும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. அதன் வழியாகப் போனால் மணலில் கால் வைக்காமலேயே கடலுக்குப் பக்கத்தில் போய்விடலாம். நடக்கச் சிரமப்படும் கர்ப்பிணி அதில் நடக்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. சக்கர நாற்காலி வந்தால் ஒதுங்கி வழிவிட்டால் போதும். பெசன்ட் நகரில் மணல் அகலம் குறைவு. கால் நனைக்க வேண்டாம், கடலைப் பார்த்து உட்கார்ந்தால் போதும் என்பவர்களுக்கு அங்கே நடைபாதையும் வசதி.

வார நாளில் மாலை நாலரை மணிக்கு அங்கே போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் 5.45 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கோடையில் மேல்காற்று பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே வரும். அப்படிப்பட்ட நாளில் கடற்கரையே அனலாக இருக்கும். ஐந்து மணிக்கு மேல் போங்கள். காணும் பொங்கல் போன்ற கூட்ட நாட்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். வெயிலும் நெரிசலும் சேர்ந்தால் தண்ணீருக்கும் நிழலுக்கும் வெளியேறும் வழிக்கும் எவ்வளவு திண்டாட வேண்டியிருக்கும் என்பதை அந்த நாள் காட்டியது.

மனைவிக்கு ஆறாம் மாதம். அவள் அலையில் கால் நனைக்க ஆசைப்படுகிறாள். என் மாமியாரோ, 'பொண்டாட்டி மாசமா இருக்கும்போது புருஷன் கடல்ல குளிக்கக் கூடாது' என்று என்னைத் தடுக்கிறார். அவள் போகலாம், நான் போகக் கூடாதா?
– வாசகர், நாகப்பட்டினம்

அந்த வழக்கம் பழையது. கர்ப்பிணியின் கணவன் கடலில் குளிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, முடி வெட்டக் கூடாது என்று ஒரு வரிசையே உண்டு. முடி வெட்டுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கடல் விஷயத்தில் மாமியார் பேச்சைக் கேளுங்கள் என்றே சொல்வோம். நீந்தத் தெரிந்த ஆண்கள்தான் இடுப்பளவு தண்ணீரைத் தாண்டிப் போய் நீரோட்டத்தில் சிக்குகிறார்கள். மெரினாவில் குளிக்கவே தடை இருக்கிறது. கரையில் நிற்கும் மனைவிக்குக் கைகொடுக்க நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கால் நனைக்க இருவரும் போகலாம், கணுக்கால் அளவுக்கு. போனதும் தண்ணீரில் இறங்காமல் பத்து நிமிடம் அலைகளைப் பாருங்கள். பெரிய அலை எதுவரை ஏறி மணலை நனைத்துவிட்டுத் திரும்புகிறது என்று தெரியும். அந்தக் கோட்டில் நில்லுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். அலை வரும்போது மட்டும் கவனமாக இருந்தால் போதாது. திரும்பும்போதுதான் குதிகாலுக்கு அடியில் இருக்கும் மணலை அரித்து இழுத்துக்கொண்டு போகும்; பாதம் பின்பக்கமாகச் சரியும், உடம்பு மல்லாக்கச் சாயும். கடலுக்கு நேராகக் கால்களைச் சேர்த்து நின்றால் இதுதான் நடக்கும். பக்கவாட்டில் திரும்பி, கால்களை ஓரடி அகட்டி, ஒரு காலைச் சற்று முன்வைத்து நிற்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அலை போனதும் கால்களை எடுத்து மாற்றி வைக்க வேண்டும். நீங்கள் கடல் பக்கம் நின்று அவர் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள். விரல்களைக் கோத்துப் பிடித்தால் ஈரத்தில் நழுவும். நனைந்த சேலை கனக்கும், காலைச் சுற்றும். கணுக்காலுக்கு மேலே நிற்கும் சுடிதார் நல்லது. கடலுக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்கவே வேண்டாம்.

கரையில் கண்ணாடித்துண்டு, தூண்டில் முள், நெருஞ்சி எல்லாம் கிடக்கும். ஈரமணல் வரும்வரை செருப்பு காலிலேயே இருக்கட்டும். பின்பக்கம் வார் உள்ளதாக இருந்தால் நல்லது. சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிச்சல் கூடும். கடல் நீராலேயே கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை ஏ.டி.எம். அட்டை மாதிரி எதனாலாவது எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

போன வாரம் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. கணவர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கியதில் அடிவயிற்றில் சுளீர் என்று இழுத்தது. இது ஆபத்தா? (26 வாரம்)
– வாசகி, கடலூர்

கர்ப்பப்பையைத் தாங்கும் தசைநார் திடீரென்று இழுபட்டால் அப்படி வலிக்கும். சில நொடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கிவிட்டால் கவலை இல்லை. விட்டுவிட்டு வந்தாலோ, உதிரம் பட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒருபக்கமாகத் திரும்பி, கைகளை ஊன்றி, மண்டியிட்டுத் தவழும் நிலைக்கு வாருங்கள். ஒரு பாதத்தை முன்னால் வைத்து நன்றாக ஊன்றுங்கள். அந்த முழங்காலின் மேல் ஒரு கையை வைத்து அழுத்துங்கள், மற்றக் கையைக் கணவரின் முன்கைமேல் போட்டுக்கொள்ளுங்கள். மூச்சை வெளியே விட்டபடி எழுங்கள். கணவர் உங்களைத் தூக்கவோ இழுக்கவோ வேண்டாம். கைப்பிடிச் சுவர் மாதிரி அசையாமல் நின்றால் போதும். எழுந்ததும் அரை நிமிடம் அப்படியே நில்லுங்கள். வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போது ரத்த அழுத்தம் சற்று இறங்கித் தலை சுற்றும்.

ஏழாம் மாதத்துக்கு மேல் மணலில் உட்காராமல் நாற்காலி கொண்டுபோவதே மேல். உட்காரும் பலகை ஒன்றரை அடி உயரத்தில், முழங்கால் மட்டத்தில் இருக்க வேண்டும். கடற்கரைக்கென்று விற்கும் தாழ்வான நாற்காலியில் உட்காருவது சுலபம், எழுவதுதான் பாடு. மடக்கு நாற்காலியோ பிளாஸ்டிக் நாற்காலியோ, சாய்ந்ததும் பின்கால்கள் இரண்டும் மணலில் முதலில் இறங்கும். அப்படியே மல்லாந்துவிடும். பின்கால்களுக்கு அடியில் ஒரு மரப்பலகையைப் போட்டுவிட்டு, முதலில் கணவர் உட்கார்ந்து அழுத்திப் பார்க்கட்டும். படுக்கத் தோன்றினால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். இருபது வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். வியர்த்து மயக்கம் வரும்.

கடற்கரைக்குப் போய்விட்டு சுண்டல் சாப்பிடாமல் வருவதா? எனக்குச் சர்க்கரை வேறு கொஞ்சம் இருக்கிறது என்கிறார்கள். எதெல்லாம் சாப்பிடலாம்? (30 வாரம்)
– வாசகி, மயிலாப்பூர்

இந்த மாதத்தில் நாங்கள் மிகவும் பயப்படுவது தண்ணீருக்கு. அசுத்தத் தண்ணீரால் வரும் மஞ்சள் காமாலையில் 'ஹெபடைடிஸ் ஈ' என்று ஒரு வகை உண்டு. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூறு பேரில் இருபது, இருபத்தைந்து பேர் வரை உயிரிழக்க நேரலாம். அதனால் பானிபூரித் தண்ணீர், ஐஸ் போட்ட கரும்புச்சாறு, குலுக்கி சர்பத், வெட்டி அடுக்கிய மாங்காயும் அன்னாசியும், ஈரத் தட்டில் தரும் சட்னி எதுவும் குழந்தை பிறக்கும்வரை வேண்டாம்.

சுண்டலுக்கு வருவோம். வெந்த பட்டாணியில் தப்பில்லை. மேலே தூவும் மாங்காய், தேங்காய், வெங்காயம் எப்போது, எந்தக் கையால் நறுக்கியது என்பதுதான் கேள்வி. அடுப்பில் ஆவி பறக்கும் பாத்திரத்திலிருந்து, மேல்தூவல் இல்லாமல், காகிதத்தில் வாங்கி உடனே சாப்பிடலாம். அதைவிட நல்லது வீட்டுச் சுண்டல். இருவருக்கு 100 கிராம் காய்ந்த பட்டாணி போதும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு மூன்று நான்கு விசில் விடுங்கள். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், துருவிய இஞ்சி தாளித்துக் கிளறி, சூடாகவே ஹாட் பேக்கில் அடைத்து மூடுங்கள். தேங்காய் சேர்க்காதீர்கள், வெக்கையில் முதலில் கெடுவது அதுதான். மாங்காயை முழுசாக எடுத்துப் போய் அங்கே நறுக்கிக்கொள்ளலாம். சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 140-ஐத் தொட்டிருந்தால் அது கர்ப்பகாலச் சர்க்கரைதான். 'கொஞ்சம்' என்று விட்டுவிடாதீர்கள். உங்களுக்குச் சுண்டல் ஒரு கைப்பிடி ஆகும். சுட்ட சோளம் பாதி. எலுமிச்சையை உப்பு மிளகாயில் தொட்டு எல்லாருக்கும் தேய்ப்பார்கள், அதை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இளநீர் ஒன்றைக் கண்ணெதிரே சீவச் சொல்லி இருவரும் பகிர்ந்துகொள்ளலாம், வழுக்கையைக் கணவருக்குக் கொடுத்துவிடலாம். பஜ்ஜி சூடாக இருந்தாலும் கறுத்த எண்ணெயில் பொரித்தது. ராத்திரி நெஞ்செரிச்சலில் தூங்க விடாது. பி.பி. உள்ளவர்கள் மிளகாய்த்தூள் அப்பளத்தையும் உப்பு மாங்காயையும் தொட வேண்டாம்.

மீன் வறுவல் கேட்டு எழுதியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். மசாலா தடவி, பாதி பொரித்து, அடுக்கி வைத்திருக்கும் மீன் வேண்டாம். பச்சை மீனைக் காட்டச் சொல்லி, கண்ணெதிரே முழுதாகப் பொரித்துத் தரச் சொல்லுங்கள். நடுமுள்ளை ஒட்டிய சதை வெள்ளையாக, இதழ் இதழாகப் பிரிய வேண்டும். நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன்கள் நல்லவை. சுறாவில் பாதரசம் அதிகம். பால் சுரக்கும் என்று பிரசவத்துக்குப் பின் புட்டு செய்து தருவார்களே, கர்ப்பத்தில் அது வேண்டாம்.

எட்டாம் மாதம். முக்கால் மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் வருகிறது. வெளியே போனால் தண்ணீரே குடிக்காமல் சமாளிக்கிறேன். சரிதானா?
– வாசகி, தூத்துக்குடி

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உடம்பில் நீர் குறைந்தால் கர்ப்பப்பை இறுகி இறுகி விடும், சிறுநீர்த் தொற்றும் வரும். அந்தத் தொற்று குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடலாம். இரண்டு மணி நேரப் பயணத்துக்கு உங்களுக்கென்று ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும். மடமடவென்று குடிக்காமல், கால் மணிக்கு நாலைந்து வாய் குடியுங்கள். எங்கே உட்காருவது என்பதைக் கழிப்பறை இருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கணவர் முதலில் போய் அது திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, தரை வழுக்குகிறதா என்று பார்த்து வரட்டும். கழுவ ஒரு பாட்டில் தண்ணீர், சோப்புத் துண்டு, மாற்று உள்ளாடை ஒன்று பையில் இருக்கட்டும்.

ஒன்பதாம் வாரம். காலை பத்து மணிக்கு மாமல்லபுரம் போய் மாலை திரும்புவதாகத் திட்டம். போகலாமா?
– வாசகி, வேலூர்

நேரத்தை மாற்றுங்கள். முதல் மூன்று மாதத்தில் தாயின் உடல்சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது குழந்தையின் மூளை, முதுகுத்தண்டு வளர்ச்சிக்கு நல்லதல்ல. நிழல் குறைந்த இடத்தில் உச்சி வெயிலில் அலைவதும், மசக்கை வாந்தியில் நீர் வற்றுவதும் சேரக் கூடாது. காலை ஆறு மணிக்குக் கடற்கரை, ஒன்பதரைக்கு நிழலான அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பகாலத்தில் முகத்தில் மங்கும் விழலாம். துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத கிரீமை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்திலும் கழுத்திலும் தடவுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும்.

ஏழாம் மாதம். வளைகாப்புக்கு முன்னால் கன்னியாகுமரி போய், படகில் விவேகானந்தர் பாறைக்கும் கண்ணாடிப் பாலத்துக்கும் போக ஆசை.
– தம்பதி, திருநெல்வேலி

கன்னியாகுமரிக்குப் போங்கள், படகை விட்டுவிடுங்கள். படகில் கழியும் நேரம் சில நிமிடம்தான். அதற்கான வரிசை விடுமுறை நாளில் மணிக்கணக்கில் நீளும். துறையில் படகு ஏறி இறங்கி ஆடும்போது ஒரு காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். பாறையில் படிகள் வேறு. 2024 டிசம்பரில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எங்கும் போய்விடாது. கைக்குழந்தையோடு வந்து நடக்கலாம். கரையிலிருந்தே விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலைப் பாறையும் நன்றாகத் தெரியும்.

உங்கள் பக்கத்துக் கரைகளுக்கென்று ஓர் எச்சரிக்கை: கள்ளக்கடல். எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவ மாணவர்கள் இப்படிப்பட்ட அலையில் போனார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது, செய்தியில் வரும். அந்த நாளில் கரைக்கே போகாதீர்கள். சந்தேகமாக இருந்தால் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன இடத்தில் வலி வந்துவிட்டால்?
– வாசகர், பூந்தமல்லி

முதலில் நடையை நிறுத்தி, நிழலில் இடப்பக்கமாகப் படுக்கவைத்து, இரண்டு தம்ளர் தண்ணீர் கொடுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். வயிறு இறுகித் தளர்வது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டால் அது பெரும்பாலும் பொய்வலி. 37 வாரத்துக்கு முன்னால், ஒரு மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் இறுகினால் கிளம்பிவிட வேண்டும். உதிரம், நீர் கசிவு, கண் மங்கலோடு தலைவலி, மயக்கம், குழந்தையின் அசைவு குறைவது இவற்றில் எது இருந்தாலும் அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெரினாவில் இருந்தால், திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று எல்லாரும் சொல்லும் அரசு கஸ்தூரிபா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை மிக அருகில் இருக்கிறது. வேறு எந்தக் கடற்கரைக்குப் போனாலும், பிரசவம் பார்க்கும் மருத்துவமனை பக்கத்தில் எங்கே என்று கிளம்பும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 36 வாரத்துக்கு மேல் உங்கள் மருத்துவமனையிலிருந்து அரைமணிப் பயணத்துக்கு அப்பால் போக வேண்டாம். தாய்-சேய் நல அட்டையும் கடைசி ஸ்கேனும் பையில் இருக்கட்டும்; அவற்றின் படம் இருவர் செல்போனிலும் இருக்கட்டும். ரத்த வகை எழுதிய பக்கத்தையும் மறக்காமல் படம் எடுங்கள். சார்ஜ் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் வீடியோ எடுப்பதை நிறுத்திவிடுங்கள்.